சக்களத்திக்கு ஓர் அங்குலம்

ஜூன் 3

இந்த நோட்டை ஷைனி கொடுத்தாள். பிசியோதெரபி பிள்ளை. இவர் இடது கையால் ஸ்பாஞ்சு பந்தை எத்தனை முறை அமுக்குகிறார், எவ்வளவு நடக்கிறார் என்று தினமும் தேதி போட்டு எழுத வேண்டுமாம். அவள் கிளினிக்குக்கு வரச் சொன்னால் இவர் வர மாட்டார். ஆட்டோவில் இரண்டு பேர் பிடித்து ஏற்றுவதைத் தெரு பார்த்துவிடுமாம். அதனால் அவளே வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறாள்.

"வேற எதுவும் எழுதலாமா?" என்று கேட்டேன். "மனசுல படுறத எல்லாம் எழுதுங்க ஆன்ட்டி" என்றாள். பாவம், என்னை அவளுக்குத் தெரியாது.

பந்து: 0. நடை: கட்டிலிலிருந்து சன்னலோர நாற்காலி வரை.

ஜூன் 4

பந்து: 0. என் மேல் எறிந்தது: ஒரு தடவை. வலது கையால்.

ஜூன் 5

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் உலகம்மாள், நாற்பத்தெட்டு வயது. பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையிலேயே ரவிக்கை தைக்கிறேன். உயரம் நாலடி பத்தரை அங்குலம். கேட்பவர்களிடம் ஐந்தடி என்பேன். டெய்லரையே அளந்து பார்க்க யார் வரப்போகிறார்கள்?

இவர் பரமார்த்தலிங்கம், ஆறடி ஓர் அங்குலம், மின்வாரியத்தில் போர்மேன். தை மாதம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்குப் பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் அதற்கும் விடுமுறை கொடுத்திருக்கலாம் என்று சில நேரம் தோன்றும்.

மூன்றாவது ஆள் போர்டிகோவில் நிற்கிறாள். இருநூற்றுப் பதினாறு கிலோ, சாமான் வைக்க மூன்று பெட்டி, லடாக்குக்கும் கட்ச் பாலைவனத்துக்கும் போய்வந்த டூரிங் பைக். வருடத்தில் பதினைந்து நாள் இவர் அவளோடு போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குளிப்பாட்டுவார். என் தலைக்கு ஒரு நாள் எண்ணெய் வைத்துவிட்டதாகச் சரித்திரம் இல்லை. நான் அவளுக்கு வைத்த பெயர் சக்களத்தி.

இன்று சக்களத்தியை விற்கப்போவதாகச் சொன்னார். நாகர்கோவிலிலிருந்து ஒருவர் ஜூலை ஆறாம் தேதி வந்து எடுத்துக்கொள்கிறாராம். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் போன வாரம் பைக் ஜாக்கெட்டை இஸ்திரிக்காரருக்குக் கொடுத்தார். முந்தாநாள் கைக்கடிகாரத்தைப் பால்காரருக்குக் கொடுத்தார். நேற்று என்னைக் கூப்பிட்டு, பீரோவில் எந்தப் பத்திரம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று காட்டினார். எனக்கு அது பிடிக்கவில்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

"விக்கக் கூடாது. நான் ஓட்டுவேன்" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். சன்னல் வழியாக வண்டியின் சீட்டைப் பார்த்தார். மறுபடி என் காலைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒனக்கு அதுல ஏறுததுக்கே ஏணி வேணும்."

"ஏணி எதுக்கு? அதக் குட்டையாக்கிக்கிடுதேன்."

வீம்புக்குத்தான் சொன்னேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜூன் 6

இரவெல்லாம் யோசித்துவிட்டுக் காலையில் நிபந்தனை போட்டார்.

"ஆறாம் தேதிக்குள்ள முப்பந்தல் வரைக்கும் தனியா ஓட்டிட்டுப் போ. இசக்கியம்மன் கோயில் குங்குமத்தோட திரும்பி வா. அங்க அடிக்கிற காத்துல கீழ போடாம வந்துட்டன்னா வண்டி ஒனக்கு. போட்டன்னா நாகர்கோவிலுக்கு."

ஆனி மாதத்தில் முப்பந்தல் கணவாய்க் காற்று லாரிக்காரரையே ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடிக்க வைக்கும். ஊரில் இத்தனை இடம் இருக்க இவருக்கு அந்த இடம்தான் கிடைத்தது.

"இன்னொண்ணு. என்ன செஞ்சாலும் திருப்பி மாட்டுத மாதிரி இருக்கணும். நாளைக்கி எனக்குச் சரியாச்சுன்னா வண்டி பழையபடி வேணும். எதையும் வெட்டக் கூடாது."

நான் சத்தியம் செய்தேன். என் தொழில் தர்மமே அதுதான். எந்த ரவிக்கையிலும் இரண்டு பக்கமும் ஓர் அங்குலத் துணியை உள்ளே விட்டுத்தான் தைப்பேன். தீபாவளிக்குத் தைத்தது பொங்கலுக்குப் பற்றாது. அப்போது தையலைப் பிரித்துவிட்டால் போதும். உள்ளே துணி விடாமல் ஒட்ட வெட்டுகிறவர் டெய்லரே இல்லை.

'சரியாச்சுன்னா' என்று அவர் வாயிலிருந்து வந்ததே ஐந்து மாதத்தில் இதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

பந்து: 0.

ஜூன் 8

கியர் வண்டி லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் இவரே தன் பழைய நூறு சிசி வண்டியில் கற்றுக்கொடுத்து, எட்டு போட வைத்து வாங்கித் தந்தார். அதற்குப் பிறகு சாவியை மட்டும் தந்ததில்லை.

மெக்கானிக் ஞானதிரவியம் வந்தான். சக்களத்திக்கு அவன்தான் வைத்தியன். என் கால் உள் அளவு இருபத்தாறு அங்குலம், சீட்டு உயரம் முப்பத்து மூன்று. டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்தான்.

"யக்கா, நெசமாத்தான் சொல்லுதியளா?"

பின்பக்க சஸ்பென்ஷனில் எலும்புத் துண்டு மாதிரி இரண்டு தகடு இருக்கிறது. அதைக் கழற்றி நீளமான தகடு போட்டால் பின்னால் ஒன்றரை அங்குலம் இறங்கும். முன்பக்கம் ஃபோர்க் குழாயைக் கிளாம்பில் தளர்த்தி மேலே ஏற்றினால் முன்னாலும் அதே அளவு இறங்கும். சீட்டு ஸ்பாஞ்சில் மிச்சத்தைக் குறைக்கலாம்.

"பின்னாடி மட்டும் எறக்குனா?"

"ஹெட்லைட்டு ரோட்ட விட்டுட்டு காக்காய்க்கு வெளிச்சம் காட்டும்."

முன்னும் பின்னும் சமமாக எடுக்காத ரவிக்கை கழுத்தில் ஏறி நிற்கும். எனக்குப் புரிந்தது.

"எல்லாத்தையும் திருப்பி மாட்டிரலாம்லா?"

"மாட்டிரலாம். சைடு ஸ்டாண்ட மட்டுந்தான் வெட்டணும்."

"வெட்டக் கூடாது."

"யக்கா, வண்டி எறங்குன பொறவு ஸ்டாண்டு நீளமாயிரும். வண்டி சாயாம நட்டமா நிக்கும். ஒரு தட்டு தட்டுனா அந்தப் பக்கம் விழுந்துரும்."

வேறு ஸ்டாண்டு வாங்கிப் போடு என்றேன். இந்த மாடலே நின்றுவிட்டதாம், எங்கேயும் கிடைக்காதாம். அப்படியானால் வெட்டாமல் செய் என்றேன். "ஏசப்பா" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் தள்ளிப் போனான்.

ஜூன் 11

ஞானதிரவியம் எங்கிருந்தோ ஒரு பழைய சீட்டு கொண்டுவந்து கொடுத்தான். பிரெட் வெட்டும் கத்தியால் ஸ்பாஞ்சை ஒன்றரை அங்குலம் சீவி, தொடை படும் இடத்தை ஒடுக்கி, மேலே ரெக்சின் போட்டு, விளிம்பில் சிவப்புக் கரை வைத்துத் தைத்தேன். அசல் சீட்டை என் பழைய சுங்குடிச் சேலையில் சுற்றி, ஞானதிரவியம் கழற்றித் தந்த தகடுகளோடு ஒரு சாக்கில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

எந்நேரமும் சுவரைப் பார்த்துக் கிடக்கும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதென்னது செகப்பு பைப்பிங்? வண்டிக்கா ரவிக்கைக்கா?"

"ரெக்சின்ல தைக்க என்கிட்ட இருந்த நூலு அதுக்குத்தான் பொருந்துச்சு."

"அசிங்கமா இருக்கு."

பந்து: 3. மூன்றும் பைப்பிங்கைத் திட்டும்போது.

ஜூன் 14

வண்டி வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் கால் விரல் தரையில் பட்டது. கனத்த அடி வைத்த பூட்ஸ் போட்டால் பாதத்தின் முன்பாதி படும். அவ்வளவு உயரத்திலிருந்து எங்கள் தெருவை நான் பார்த்ததே இல்லை. எதிர்வீட்டு மரகதம் மாடியில் காயப்போட்ட வற்றலை எண்ணிவிடலாம்.

ஞானதிரவியம் சொன்னது நிஜம்தான். ஸ்டாண்டைப் போட்டால் வண்டி பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்பது மாதிரி விறைப்பாக நிற்கிறது. ஒரு வழி கண்டுபிடித்தேன். இவர் தூங்கும்போது உளியை எடுத்து, ஸ்டாண்டின் நுனி படும் இடத்தில் போர்டிகோ தரையை ஓர் அங்குல ஆழத்துக்குச் செதுக்கினேன். ஸ்டாண்டு குழிக்குள் இறங்கியதும் வண்டி பழையபடி அழகாகச் சாய்ந்து நின்றது. மேலே மிதியடியைப் போட்டு மூடிவிட்டேன். இதை இவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஷைனி, நீயும் சொல்லாதே.

ஜூன் 15

விழுந்தேன். வண்டி விழவில்லை, நான் மட்டும்.

ஜூன் 17

காலை ஐந்தரைக்கு ஆயுதப்படை மைதானத்துக்குப் பின்னால் உள்ள ரோட்டில் பழகுகிறேன். ஓடும்போது சக்களத்தி சொன்ன பேச்சு கேட்கிறாள். நிற்கும்போதுதான் குணத்தைக் காட்டுகிறாள். திரும்பி வந்து கேட்டில் நிறுத்தத் தடுமாறினேன். சன்னலிலிருந்து சத்தம் வந்தது.

"ரெண்டு காலையும் ஊணப் பாக்காத! எடது கால மட்டும் முழுசா ஊணு. இடுப்ப அந்தப் பக்கமா எறக்கு. வலது காலு பிரேக்குல இருக்கட்டும்."

செய்தேன். இடது பாதம் முழுசாகத் தரையில் உட்கார்ந்தது. மூன்று நாளாக எனக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். முதல் நாளே சொல்லியிருந்தால் என் முழங்கையில் தோல் மிச்சம் இருந்திருக்கும்.

"கிளச்ச அப்படியா விடுவாவ? இங்க பாரு." சன்னல் கம்பியைக் கிளச்சாகப் பிடித்து, மெல்ல மெல்ல விட்டுக் காட்டினார். மறுபடி பிடித்தார், மறுபடி விட்டார். இடது கையால். அவருக்கே தெரியவில்லை. நானும் கிளச்சைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

பந்து: 0. சன்னல் கம்பி: 11.

ஜூன் 20

பந்து: 0. கம்பி: 26. எனக்கு இன்னும் கிளச் சரியாக வரவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அது உண்மை இல்லை.

ஜூன் 24

வண்டி தாழ்ந்துவிட்டதால் ஸ்பீடு பிரேக்கரில் அடிவயிறு உரசுகிறது. மார்க்கெட் போகும் வழியில் ஏழு இடம். ஏழிலும் தெரு திரும்பிப் பார்க்கிறது. மரகதம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அவரு இப்படிக் கெடக்கும்போது ஒனக்கு இது தேவையா உலகு?"

"ஒனக்கு ரவிக்கை வெள்ளிக்கெழம வேணும்னு சொன்னீல்லா? இன்னும் துணியவே வெட்டல" என்றேன். வற்றல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க மாடிக்குப் போய்விட்டாள்.

ஷைனி வந்து நோட்டைப் படித்திருக்கிறாள். ஓரத்தில் 'பந்து கணக்கு மட்டும் போதும் ஆன்ட்டி' என்று எழுதி, கீழே ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறாள். போதாது ஷைனி.

ஜூலை 2

நாளைக்குப் போகிறேன். பயமாக இருக்கிறது. காற்றைப் பற்றி இல்லை. கீழே போட்டுவிட்டால் ஆறாம் தேதி போர்டிகோ காலியாகிவிடும். இவர் மறுபடி நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். அடுத்து யாருக்கு எதைக் கொடுப்பார் என்று தெரியவில்லை.

ஜூலை 3

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாலாவது கியருக்கு மேல போகாத" என்றார். அவர் பேச்சை நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

நாங்குநேரி வரை ஒன்றும் இல்லை. வள்ளியூர் தாண்டியதும் காற்று ஆரம்பித்தது. பணகுடியில் மேலே விழுந்து தள்ளியது. காற்றாடிகள் எல்லாம் தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. இவர் சொன்னபடி ஹேண்டிலை இறுக்காமல் முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டேன். வண்டி கொஞ்சம் சரிந்த மாதிரியே நேராக ஓடியது. தாழ்ந்த வண்டிக்குக் காற்றுக் குறைவாகத்தான் பிடிக்கிறது. முப்பந்தலில் லாரிகளுக்கு நடுவில் நின்றபோது நான் நாலடி பத்தரை இல்லை.

ஸ்டாண்டைப் போட்டேன். கோயிலுக்குள் போனேன், கும்பிட்டேன், குங்குமம் வாங்கினேன். வண்டி ஓடும்போது நன்றாக ஓடியது, அதையும் எழுதிவிட்டேன். பத்தே முக்காலுக்கு வீடு வந்துவிட்டேன்.

இவர் நாற்காலியில் இல்லை. கம்பை ஊன்றிக் கேட்டுக்கு வெளியே, தெருவில் நின்றுகொண்டிருந்தார். ஐந்து மாதத்தில் தெருவுக்கு வந்ததில்லை. பால்காரரைப் பார்க்க வந்தாராம். பதினொரு மணிக்கு.

குங்குமத்தைக் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

ஜூலை 4

நேற்று எழுதாததை எழுதுகிறேன்.

கோயிலுக்குள் கண்ணை மூடி நிற்கும்போதே வெளியே சத்தம் கேட்டது. அங்கே குழி ஏது, மிதியடி ஏது? விறைப்பாக நின்ற வண்டியைக் காற்று ஒரு தட்டு தட்டியிருக்கிறது. வலப்பக்கமாகப் படுத்துக் கிடந்தாள். கண்ணாடி உடைந்து, பிரேக் லீவர் வளைந்து. நான்கு லாரி டிரைவர்கள் தூக்கி நிறுத்தினார்கள். ஒருவர் தேங்காய் உடைக்க வந்த கையோடு ஓடிவந்தார். "யாரு ஓட்டிட்டு வந்தது?" என்று என் தலைக்கு மேலே தேடினார்.

இவர் ராத்திரி எதுவும் கேட்கவில்லை. காலையில் பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. போர்டிகோவில் வண்டிக்குப் பக்கத்தில், தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மிதியடி ஒரு பக்கம் கிடந்தது. குழிக்குள் விரலை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னதுட்டி?"

"குழி."

"அது தெரியுது. முப்பந்தல்ல எப்படி விழுந்துச்சு?"

"நான் போடல. ஓட்டும்போது விழல. நிப்பாட்டிட்டுப் போனேன், அதா விழுந்துச்சு. ஆனா கீழ விழுந்துச்சுல்லா, நீங்க வச்ச சட்டப்படி நாகர்கோவிலுக்குப் போன் போட்டுக்கிடுங்க."

"ஸ்டாண்ட வெட்டணும்னு ஞானதிரவியம் சொல்லலியா?"

"சொன்னான்."

"பொறவு?"

"நீங்கதான் எதையும் வெட்டக் கூடாதுன்னிய. சரியானா பழையபடி வேணும்னிய. எல்லாம் கட்டிலுக்கு அடியில சாக்குல அப்படியே இருக்கு. ஒரு போல்ட்டு கொறையல. இத மட்டும் வெட்டிட்டா திருப்பி மாட்ட முடியாது, அதனாலதான் வெட்டல."

அவர் குழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வாய் ஒரு பக்கம்தான் திறக்கிறது, அந்த ஒரு பக்கத்தில் முழுச் சிரிப்பு. "எங்க போனாலும் உளியையும் எடுத்துட்டுப் போவியாட்டி? கோயில் வாசலயும் கொத்துவியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். மூச்சு முட்டிவிடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கடைசியில் கண்ணைத் துடைத்தார். அது சிரித்ததனால் வந்த தண்ணீர் மட்டும் இல்லை.

சைடு ஸ்டாண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இரும்பு அறுக்குத ஆக்ஸா பிளேட எடு" என்றார்.

ஞானதிரவியம் வந்து ஸ்டாண்டைக் கழற்றிக் கொடுத்தான். நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சேர்த்து வெல்டு வைத்துவிடலாம் என்றான். அறுத்துத் தருகிறேன் என்று கை நீட்டியவனை இவர் விடவில்லை. என் கட்டிங் மேசையில் ஸ்டாண்டை வைத்தோம். ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையை அவர் இடது கை பிடித்தது. நடுங்கியது, ஆனால் பிடித்தது.

எடுக்க வேண்டியது ஓர் அங்குலம். என் சாக்குக்கட்டியை எடுத்து இரண்டு கோடு போட்டேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இது முக்கால் அங்குலந்தான இருக்கு."

"கொஞ்சம் உள்ள விட்டுருக்கேன். பொறவு தேவப்பட்டா..."

"உள்ள விடாத."

"என்னங்க, யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கி நீங்க..."

"உலகு. ஒன் அளவுக்கு வெட்டு."

இருபத்தைந்து வருடத்தில் நான் போட்ட கோட்டை அழித்து ஒட்டப் போட்டது இதுதான் முதல் தடவை. அவர் அறுத்தார். பாதியில் கை ஓய்ந்தது, மிச்சத்தை நான் அறுத்தேன். விழுந்த துண்டை என் பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

பந்து: எங்கே போட்டோம் என்று தெரியவில்லை.

ஜூலை 6

நாகர்கோவில்காரர் போன் செய்தார். இவரே எடுத்தார்.

"இல்ல சார், விக்கல. எங்க வீட்ல ஓட்டுதாவ... ஆமா, உயரம் கம்மிதான். வண்டியும் இப்ப உயரம் கம்மிதான்."

போனை வைத்துவிட்டு, இஸ்திரிக்காரரிடம் ஜாக்கெட்டைத் திருப்பிக் கேட்டால் தப்பா என்று என்னிடம் கேட்டார். தப்பில்லை என்றேன். பால்காரரிடம் கடிகாரத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 9

ஷைனி, இன்று காலை நடந்ததை நீயே பார்த்தாய். கிளினிக் வாசலில் நீ வாயில் கை வைத்துக்கொண்டு நின்றது எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது. அவரை என்னோடு சேர்த்துப் பெல்ட் போட்டிருந்தோம், அவர் முதுகுக்குப் பின்னால் பெட்டி இருந்தது, இருபதுக்கு மேல் ஓட்டவில்லை. நீ திட்டியதெல்லாம் நியாயம்தான். ஆனால் நீ கேட்ட ஒரு கேள்விக்கு அங்கே பதில் சொல்லவில்லை. இவரை எப்படி ஏற்றினேன் என்று கேட்டாயே?

நான் ஏற்றவில்லை. போர்டிகோ படியை ஒட்டி வண்டியை நிறுத்தினேன். பழைய உயரத்தில் இருந்திருந்தால் அவர் கால் தாண்டியிருக்காது. இப்போது தாண்டியது. சும்மா வாசல் வரை வாங்க என்றுதான் கூப்பிட்டேன். ஏறி உட்கார்ந்ததும், "கிளினிக்குக்கு விடுட்டி" என்றார். தெரு முழுக்கப் பார்த்தது. அவர் மரகதத்துக்குக் கையாட்டினார்.

கட்டிலுக்கு அடியில் சாக்கு அப்படியேதான் இருக்கிறது. நான் அதைத் தொட மாட்டேன், அவரும் கேட்கவில்லை.

சரி, கணக்கு. நீ கொடுத்த பந்து கிடைத்துவிட்டது, தையல் மிஷினுக்கு அடியில் கிடந்தது. இன்று அவர் அதைத் தொடவில்லை. ஆனால் போக நாலு கிலோமீட்டர், வர நாலு கிலோமீட்டர், ஒன்பது ஸ்பீடு பிரேக்கர். துணி மாற்றும்போது பார்த்தேன், என் இடுப்பில் இடது பக்கம் நான்கு விரல் தடம் சிவந்து கிடக்கிறது. அது எத்தனை என்று நீயே போட்டுக்கொள்.